கைக்குத் தெரியும் ஈரம்



ஜெயமங்கலத்தில் அறக்கட்டளைப் பொழிவுக்கு என்னை அழைத்தபோது, பெண்கள் எழுதியதைப் பற்றிப் பேசுங்கள், இந்த மண்ணை விட்டு விலகாமல் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டாவது நிபந்தனைதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. பெண்ணியம் என்றாலே அது பட்டணத்துப் பேச்சு, படித்தவர்கள் பேச்சு என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது சரியல்ல என்பதை வராக நதிக்கரையில் நின்று சொல்லக் கிடைத்த வாய்ப்பாகவே இதைக் கருதுகிறேன்.

முளைப்பாரி அறையிலிருந்து தொடங்குகிறேன். என் அம்மாச்சி ஊரும் இந்தப் பக்கம்தான். ஊர்ச்சாமி கும்பிடுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஒரு வீட்டின் உள்ளறை முளைப்பாரிக்கு என்று ஒதுக்கப்படும். மண்சட்டியில் வைக்கோல் பரப்பி, காய்ந்த எருவைத் தூளாக்கிப் போட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை எல்லாவற்றையும் அதில் விதைப்பார்கள். வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. ஆண்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள், குலவை போடுவார்கள். அம்மாச்சி மட்டும் அதற்கு முன்பே தனியாக உள்ளே போய்விடுவார். ஒவ்வொரு சட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நிற்பார். பிறகு சிலவற்றுக்குத் தண்ணீர் தெளிப்பார், சிலவற்றை விட்டுவிடுவார்.

“எப்படித் தெரியுது அம்மாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஈரம் கண்ணுக்குத் தெரியாது தாயி, கைக்குத்தேன் தெரியும்” என்றார்.

எட்டாம் நாளோ பத்தாம் நாளோ அந்த இருட்டறையிலிருந்து வெளிறிய மஞ்சள் நிறத்தில் முழங்கை உயரத்துக்கு நாற்று எழுந்து நிற்கும். அலங்கரித்துத் தலையில் சுமந்து, கோயிலைச் சுற்றி, ஆற்றில் கரைத்துவிட்டு வருவார்கள். அத்தனை நாள் உழைப்பும் தண்ணீரோடு போய்விடும். யார் பெயரும் அதில் இருக்காது. இந்தப் பொழிவில் நான் பேசவிருக்கும் எல்லாப் பெண்களும் அந்த உள்ளங்கையோடு உறவுடையவர்கள் என்பதால்தான் இதை முதலில் சொன்னேன்.

கடைப்பிடி என்ற சொல்

அம்மாச்சியின் கையில் இருந்த அந்தக் கவனத்தை இன்று சென்னையிலும் கோவையிலும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று வகுப்பு நடத்திச் சொல்லித்தருகிறார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புத்தர் சொன்ன எட்டு வழிகளில் ஒன்று அது. பாலி மொழியில் அதற்கு உரிய சொல்லின் வேர்ப்பொருள் ‘நினைவு’. தமிழ்ப் பௌத்தர்கள் அதை ‘நற்கடைப்பிடி’ என்றார்கள். கடைப்பிடி என்றால் மறவாமல் உறுதியாகப் பற்றியிருத்தல். மூச்சைக் கவனிப்பது அதில் ஒரு படி. கண்டதை மறவாமல் பற்றி நிற்பது அதன் முழுமை.

பாலி மொழியில் ‘தேரிகாதை’ என்று ஒரு நூல் இருக்கிறது. பிக்குணிகள் பாடியவற்றின் தொகுப்பு. உலகில் பெண்கள் பாடிய மிகப் பழைய தொகுப்புகளில் ஒன்று. அதில் ஒருத்தி தன் விடுதலையைப் பாடும்போது, உரலிலிருந்தும் உலக்கையிலிருந்தும் கணவனிடமிருந்தும் தான் விடுபட்டதைச் சேர்த்தே பாடுகிறாள். பிறவித் துன்பத்தைச் சொல்ல வந்தவளுக்கு உலக்கை நினைவிலிருந்து நழுவவில்லை. நம் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். துறவு பூண்டவள் மலைக்குகைக்குள் போய் அமரவில்லை. அமுதசுரபியோடு பசித்தவர் நடுவே போனாள். சிறைச்சாலைக்குள் நுழைந்து அங்கே வாடியவர்களின் பசியைத் தீர்த்தாள். அரசன் வரம் கேட்கச் சொன்னபோது சிறையை அறச்சாலை ஆக்கித் தரும்படி கேட்டாள். மனத்தை நிலைநிறுத்துவதும் ஊருக்கு நீதி கேட்பதும் அவளுக்கு வேறு வேறு வேலைகளாக இருக்கவில்லை.

சங்கத் தொகைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஔவையும் வெள்ளிவீதியும் ஒக்கூர் மாசாத்தியும் அவர்களில் சிலர். அவ்வளவு பழைய மரபுள்ள மொழியில், பிற்காலத்தில் ஒரு பெண் எழுதுகோலை எடுப்பதே துணிச்சல் என்று ஆனது எப்படி? 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ வந்தது. இருவருமே தங்கள் சமூகத்தின் முணுமுணுப்புகளுக்கு நடுவே எழுதியவர்கள். மறந்துவிடு என்று சுற்றம் சொன்னதை மறக்க மறுத்தவர்கள்.

வீட்டுக்குள் பார்த்த கண்

வைகை அணைக்கு அந்தப் பக்கம் ஆண்டிபட்டி. இங்கிருந்து பேருந்தில் போய்விட்டுப் பொழுதுக்குள் திரும்பிவிடலாம். அங்கே குடும்ப வாழ்க்கையின் நடுவே இருந்தபடி எழுதியவர் உமா மகேஸ்வரி. ‘மரப்பாச்சி’ சிறுகதையும் ‘யாரும் யாருடனும் இல்லை’ நாவலும் அவருடையவை. அந்த நாவலின் தலைப்பையே ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நிறைந்த வீடு, கூடத்தில் எப்போதும் ஆட்கள், அடுப்பு அணையாத சமையற்கட்டு. ஆனாலும் யாரும் யாருடனும் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு மட்டுமே இவ்வளவு துல்லியமாகத் தெரியக்கூடிய தனிமை அது.

‘மரப்பாச்சி’யில் ஒரு சிறுமியும் ஒரு மரப்பொம்மையும். அவள் வளர்கிறாள், அவளோடு அந்தப் பொம்மையும் வளர்கிறது. பெரியவர்களின் உலகம் அந்தச் சிறுமியின் உடலை எப்படித் தொடுகிறது, அதைச் சொல்ல அவளுக்கு ஏன் வார்த்தை இல்லாமல் போகிறது என்பதை அந்தக் கதை குரல் உயர்த்தாமல் காட்டிவிடுகிறது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இப்படிச் சொல்ல முடியாமல் நின்றிருப்பார்கள்! “மாமாதானே”, “சித்தப்பாதானே” என்று எத்தனை முறை வாயடைத்திருப்போம்! அந்தக் கதையைப் படித்துவிட்டு எழுந்தால் பக்கத்தில் இருக்கும் பெண் குழந்தையின் முகத்தைப் புதிதாகப் பார்க்கத் தோன்றும். இலக்கியம் செய்யக்கூடிய பெரிய காரியம் அது என்று நான் நினைக்கிறேன்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதையும் இந்த வகைப் பார்வைதான். பெரிய வீடு, ஆனால் சமையலறை ஒரு மூலையில். அந்த வீட்டுப் பெண்களின் அதிகாரம், பொறாமை, ஆசை எல்லாமே அந்த மூலைக்குள் அடங்கிக் கிடப்பதை அவர் காட்டினார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற ஆவணக் காப்பகத்தைத் தோழியரோடு தொடங்கி, பெண்களின் குரலையும் படத்தையும் கடிதத்தையும் சேகரித்து வைத்தார். 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வந்தது. விருதைவிட அந்தக் காப்பகமே பெரிது என்பேன். ஆற்றில் கரைந்துபோகும் முளைப்பாரிக்கு அவர் ஒரு பதிவு வைத்தார்.

இந்தக் கண்ணுக்கு விலை உண்டு. துவரங்குறிச்சியில் பருவமெய்திய பிறகு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண், திருமணத்துக்குப் பிறகு குளியலறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதினார். வேறு பெயரில் அனுப்பினார். அந்தப் பெயர்தான் சல்மா. 2001இல் அவர் அதே ஊர்ப் பகுதியில் பேரூராட்சித் தலைவரானார். 2004இல் அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வெளியானது. ஈழத்தில் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண் கவிஞர் தொகுப்பு வந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991இல் போரின் இருட்டுக்குள் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரையும் விட்டார். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. அவரைப் போன்றவர்களின் பெயரைச் சொல்லாமல் பெண்ணெழுத்தின் வெற்றியை மட்டும் பேசிவிட்டுப் போவது நன்றிகெட்ட செயல்.

தெருவில் பார்த்த கண்

நம் வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வத்திராயிருப்பு வட்டாரம். அங்கே புதுப்பட்டியில் பிறந்தவர் பாமா. 1992இல் வெளிவந்த அவருடைய ‘கருக்கு’ தமிழ்ப் பெண்ணெழுத்தின் போக்கை மாற்றிய புத்தகம். பனைமட்டையின் இரண்டு ஓரமும் அறுக்கும். அந்த ஓரத்துக்குத்தான் கருக்கு என்று பெயர்.

அந்தத் தன்வரலாற்று நூலில் வரும் ஒரு காட்சியை நான் வகுப்பறையில் பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். பள்ளி விட்டு வரும் சிறுமி, வழியில் வேடிக்கை பார்த்தபடி மெல்ல நடக்கிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஊர்ப் பெரியவரிடம் குனிந்து நீட்டுகிறார். சிறுமிக்கு அது பெரிய வேடிக்கை. வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம்மவர் கை பட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் அப்படி என்று விளக்குகிறான். அந்த நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அன்று அந்தத் தெருவில் எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள். தினமும் பார்த்ததால் அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. ஒரு குழந்தை நின்று பார்த்தாள். பார்த்ததை அண்ணனிடம் சொன்னாள். சொன்னதன் பொருளை அறிந்த பிறகு அதை மறக்கவில்லை. பல ஆண்டு கழித்து, துறவு மடத்திலும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறி, எங்கே போவது என்று தெரியாமல் நின்ற நாள்களில் அதை எழுதினார். தெருவில் பேசும் தமிழிலேயே எழுதினார். இதுவா இலக்கியம் என்று கேட்டவர்கள் உண்டு. சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது. இன்று அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடம். நான் சொன்ன கடைப்பிடிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நூலில் தொங்கிய ஒரு பொட்டலத்தை அவர் விடவே இல்லை.

நாம் பார்க்க மறுத்தது

இனி நான் பேசப்போவது நம் வட்டாரத்துக்கு வலிக்கும். ஆனாலும் பேசியாக வேண்டும்.

1980களின் நடுவில் உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுவதும் பத்திரிகைகளில் அடிபட்டது. பெண் சிசுக்கொலை. தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை, எல்லாம் மதுரைதான். பழியை ஓர் ஊரின் மேலும் ஒரு சாதியின் மேலும் போட்டுவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொண்டார்கள். சேலத்திலும் தருமபுரியிலும் நம் பக்கத்து ஊர்களிலும் அது நடந்தது. அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரித்தது.

முளைப்பாரியின் ஈரத்தை உள்ளங்கையால் அறிந்த அதே வீடுகள்தாம் இவை. பயறு வாடக்கூடாது என்று பத்து நாள் விரதம் காத்த வீட்டில் ஒரு பச்சைமண் எப்படி வாடவிடப்பட்டது? இந்தக் கேள்வி பல ஆண்டு என்னை உறங்கவிடவில்லை. குற்றவாளி என்று சட்டம் பிடித்தது பெரும்பாலும் பெற்றவளையும் பாட்டியையும்தான். வரதட்சணை கேட்டவர்கள், இரண்டாவதும் பெண்ணா என்று முகம் திருப்பியவர்கள், நிலம் ஆணுக்குத்தான் என்று எழுதி வைத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் பார்க்க மறுக்கவில்லை. பதினைந்து வயதில் மணமாகி, கல்லூரி வாசலை மிதிக்காதவர். நாவல் எழுதுவதற்கு முன் அந்த மக்களிடம் போய் இருந்து, கேட்டு, பார்த்து எழுதும் வழக்கம் அவருக்கு. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனார், ‘கரிப்பு மணிகள்’ பிறந்தது. தீப்பெட்டித் தொழிலில் உழைக்கும் பிள்ளைகளைப் பார்த்தார், ‘கூட்டுக்குஞ்சுகள்’ வந்தது. பெண் சிசுக்கொலையைப் பற்றி ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ எழுதினார். தூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்பவர் எழுத்தல்ல அது. பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் எழுத்து.

1990களில் நாடக இயக்குநர் அ. மங்கை ‘மௌனக்குரல்’ என்ற நாடக முயற்சி வழியாகப் ‘பச்சமண்ணு’ என்ற நாடகத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளையும் நம் மக்களின் பாட்டையும் வைத்தே பேசிய நாடகம். பாட்டு நமது, சடங்கு நமது என்பதால் பார்ப்பவர்களால் முகம் திருப்பிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து வரும் கண்டனம் செய்யாததை இத்தகைய கலை செய்யும்.

நீதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். இந்தியா முழுமைக்கும் அது வர 2005 ஆனது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் 60 ஆண்டு. சட்டம் வந்த பிறகும் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் வாங்கிக் கொடுத்த சேலையோடு திரும்பும் தங்கைகளை நாம் இன்றும் பார்க்கிறோம். எழுத்து ஒரு குழந்தையின் முகத்தைப் பார்க்க வைக்கும். அந்தக் குழந்தை காலூன்றி நிற்பதற்கு அவள் பெயரில் நிலம் வேண்டும்.

இதை நன்கு உணர்ந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். பக்கத்தில் திண்டுக்கல் சீமையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1968இல் கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு தஞ்சைப் பகுதிக்குப் போய் மக்களோடு தங்கினார். பிரார்த்தனை, உண்ணாநோன்பு, நடைப்பயணம் இவைதாம் அவருடைய ஆயுதம். 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிய வைத்தார். மன அமைதியும் போராட்டமும் ஒரே பெண்ணிடம் சண்டையில்லாமல் குடியிருந்ததை அவர் வாழ்க்கையில் காணலாம்.

மலையும் அணையும்

விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குப் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் நின்று பாருங்கள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். நம் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயை அவர்கள் செடியின் அடியில் குனிந்து, காய் பார்த்து, பக்குவம் பார்த்து எடுக்கிறார்கள். வடுகபட்டியில் பூண்டைத் தரம் பிரிக்கும் பெண்களின் விரலையும் பாருங்கள். அந்தக் கைகளுக்குத் தெரிந்த ஈரமும் காய்ச்சலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அன்றைக்கு அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாகத் தரவேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, முழக்கங்களைத் தாங்களே கட்டி, ஒன்பது நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட போனஸ் கிடைத்தது. கூலி உயர்வுக்காக அதன் பிறகும் போராட வேண்டியிருந்தது. நான் அந்த உட்கார்தலைத் தியானம் என்றே சொல்வேன். அந்த முழக்கங்களைக் கவிதை என்றே சொல்வேன்.

முல்லைப்பெரியாறு அணையால் வாழும் பள்ளத்தாக்கு இது. 1895இல் அணை முடிந்தது. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் மாட்டாத வீடு கம்பம் பக்கம் குறைவு. நன்றி மறவாதவர்கள் நாம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மலையில் குளிரிலும் காய்ச்சலிலும் மண்ணும் கல்லும் சுமந்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வந்தவாசிக்காரரான அ. வெண்ணிலா அந்தக் கேள்வியோடு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். ஆனந்த விகடனில் தொடராக அவர் எழுதிய ‘நீரதிகாரம்’ அணை கட்டிய காலத்தைப் பேசும் பெருநாவல். அணையின் கதையை ஒரு பெண் வந்து எழுதினாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒரு பெண் இன்னும் அதை எழுதவில்லையே என்பதில் ஏக்கமும் உண்டு.

ஜெயமங்கலத்துப் பெண்பிள்ளைகளுக்கு

இந்த அவையில் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். செல்பேசியைத் தள்ளி வையுங்கள், அல்லது அவர் குரலைப் பதிவு செய்ய மட்டும் வையுங்கள். அவருக்குத் தெரிந்த கும்மிப் பாட்டை, தாலாட்டை, ஒப்பாரியை எழுதுங்கள். முதன்முதலில் வாங்கிய கூலி என்ன என்று கேளுங்கள். நடவுக்குப் போன வயல் யாருடையது, பிறந்து தங்காத பிள்ளைகள் எத்தனை, தன் பெயரில் ஏதாவது பட்டா உண்டா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அந்தத் தயக்கத்தையும் எழுதுங்கள். பேசும் தமிழிலேயே எழுதுங்கள். ‘கைக்குத்தேன்’ என்று அவர் சொன்னால் ‘கைக்குத்தான்’ என்று திருத்தாதீர்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த நோட்டுகளை மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி வையுங்கள். எழுதிய பெண்ணின் பெயரையும் சொன்ன பெண்ணின் பெயரையும் அட்டையில் எழுதி வையுங்கள்.

அம்மாச்சி போய்ப் பல ஆண்டாகிறது. அவர் பாடிய முளைப்பாரிப் பாட்டில் எனக்கு இப்போது பாதிகூட நினைவில்லை. நான் எழுதி வைக்கவில்லை. என் தவறு அது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். அறக்கட்டளையை நடத்தும் நண்பர்களே, அடுத்த ஆண்டு பொழிவுக்கு வெளியூரிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம். இந்த மேடையில் ஜெயமங்கலத்துப் பெண் ஒருத்தி தன் நோட்டோடு வந்து நிற்கட்டும். முன்வரிசையில் அமர்ந்து கேட்க நான் வருகிறேன்.